வசந்தகாலத்துக்கு எடையில்லாத ஒரு கலர் கார்டிகன்

குன்னூரில் மார்ச் பிறந்துவிட்டால் ஸ்வெட்டரே ஒரு தொல்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது வேண்டும். பத்து மணிக்குக் கழற்றிக் கையில் சுமக்க வேண்டும். நாலு மணி வாக்கில் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மேகம் ஏறியதும் மறுபடி தேட வேண்டும். மார்கழிக்கென்று பின்னிய கம்பளி ஸ்வெட்டர் கைப்பைக்குள்ளும் அடங்காது. மார்ச்சிலிருந்து மே வரைக்கும் என்றே மெல்லிசாக, முன்பக்கம் பொத்தான் வைத்து, முக்கால் கையோடு ஒரு கார்டிகன் பின்னி வைத்துக்கொள்வது நல்லது. நான் பின்னும் முறையை இங்கே சொல்கிறேன். நிட், பர்ல் இரண்டும் கை பழகியவர்களுக்கு இது போதும். ஊசியே பிடித்திராதவர்கள் முதலில் ஒரு மஃப்ளர் பின்னிவிட்டு வாருங்கள்.

கலராக வேண்டும் என்றதும் பலரும் பூ டிசைனைத் தேடிப் போகிறார்கள். ஒரே வரிசையில் இரண்டு நிற நூலை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை அது. ஷெட்லாந்து தீவுகளின் ஃபேர் ஐல் பின்னல் அந்த வகை. அந்த இடத்தில் பின்னப்படாத நிறம், துணியின் உள்பக்கமாக இழையாக ஓடிக்கொண்டிருக்கும். எங்கே தொட்டாலும் நூல் இரண்டு அடுக்கு. வட கடல் காற்றுக்கு அது சரி. நம் ஏப்ரல் வெயிலுக்கு ஆகாது. மெல்லிய உடுப்பில் நிறம் வேண்டுமென்றால் ஒரு வரிசைக்கு ஒரே நூல்தான், அதாவது கோடுகள்தான். கோடு என்றால் பட்டை பட்டையாகத்தான் வரும் என்று முகம் சுளிக்காதீர்கள். ஒற்றை வரிசைக் கோடு என்று ஒன்று இருக்கிறது. இந்த கார்டிகனின் அழகே அதில்தான்.

நூலும் ஊசியும்

4 ப்ளை என்கிற மெல்லிய ரகப் பருத்தி நூல் எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் ஏறக்குறைய 330 மீட்டர் இருக்க வேண்டும், லேபிளில் போட்டிருக்கும். அதற்குக் குறைந்தால் நூல் தடிமன் என்று அர்த்தம், கணக்கு மாறிவிடும். மொத்தம் 400 கிராம் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும்: அடிப்படை நிறம் 250 கிராம், மற்ற மூன்று நிறம் ஒவ்வொன்றும் 50 கிராம். ஒரே நிறத்தில் பல உருண்டை வாங்கும்போது லேபிளில் உள்ள சாய லாட் எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு வெள்ளை, வெயிலில் வேறு வேறு வெள்ளையாக நிற்கும்.

அக்ரிலிக் மலிவு, எடையும் குறைவு. ஆனால் மதியம் அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட் படி ஏறிப் பாருங்கள், முதுகு நனைந்துவிடும். மெல்லிய மெரினோ கம்பளி கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், விலைதான் இடிக்கும். (ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் நீலகிரி ஆட்டோடு மெரினோவைக் கலந்து சாண்டினோ என்று ஓர் இனமே உருவாக்கியிருக்கிறார்கள். ஆடு இங்கேயே இருந்தாலும், கடையில் என் கைக்கு வருவதென்னவோ அக்ரிலிக்தான்.) மெரினோ என்றால் 300 கிராமை ஒட்டிப் போதும்.

நிறத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்து எடுப்பது என் வழக்கம். மார்ச், ஏப்ரலில் ஜகரண்டா பூத்துத் தரையெல்லாம் ஊதாவாகக் கிடக்கும். தேயிலைக் கொழுந்து அந்தச் சமயம் மஞ்சள் கலந்த பச்சை. தோட்டத்துக்குள் நிற்கும் சில்வர் ஓக்கின் பூ ஆரஞ்சு மஞ்சள். இந்த மூன்றோடு அடிப்படையாகப் பால்வெள்ளை. உங்கள் ஊரில் வேறு பூ இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மூன்று நிறமும் ஒரே அளவுக்கு அடர்த்தியாக இருந்தால் கண்ணைக் குத்தும். ஒன்று அடர், ஒன்று நடுத்தரம், ஒன்று வெளிர். செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரிந்துவிடும்.

ஊசி 9ஆம் நம்பர், அதாவது 3.75 மில்லிமீட்டர். ஓரங்களில் வரும் ரிப் பட்டைக்கு 10ஆம் நம்பர், 3.25 மில்லிமீட்டர். நம் கடைகளில் உள்ள பழைய பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் தலைகீழ், அங்கே நம்முடைய 9 என்பது 5. அதனால் இணையத்தில் வாங்கும்போது மில்லிமீட்டரை மட்டும் நம்புங்கள். இரண்டு அளவிலும் 80 சென்டிமீட்டர் கேபிள் வைத்த வட்ட ஊசி வேண்டும். வட்டமாகப் பின்னப் போவதில்லை. கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும்போது கண்ணி 370-ஐத் தாண்டும், நேர் ஊசியில் அத்தனையும் நிற்காது. கைகளுக்கு மட்டும் நேர் ஊசி போதும்.

4 ப்ளைக்கு 9ஆம் நம்பர் ஊசி கொஞ்சம் பெரிசுதான். வேண்டுமென்றேதான் அப்படி. எனக்குப் பின்னல் சொல்லித்தந்த அத்தை மேசை விரிப்பு முதல் குழந்தைத் தொப்பி வரை எல்லாவற்றையும் 12ஆம் நம்பரில் இறுக்கி இறுக்கிப் பின்னுவார். "ஓட்டை தெரிஞ்சா அது பின்னலாடி?" என்பார். ஆனால் காற்று புகுந்து போகிற துணிக்குக் கண்ணி தளர்வாகத்தான் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசி நுனி அளவுக்குத் துளை தெரியலாம். அதற்கு மேல் தெரிந்தால் துணி தொய்ந்துவிடும்.

மாதிரித் துண்டு

இதைத் தாண்டிப் போகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல முடியாது. 36 கண்ணி போட்டு, ஐந்து அங்குல உயரம் பின்னுங்கள். கார்டிகனில் வரும் அதே மூன்று நிற ஒற்றைக் கோட்டிலேயே பின்னினால் கைக்கும் பழக்கமாகும். துவைத்துக் காய வைத்த பிறகு நடுவில் நாலு அங்குலத்தில் எண்ணுங்கள்: அகலத்தில் 24 கண்ணி, உயரத்தில் 32 வரிசை. அப்படியானால் அங்குலத்துக்கு 6 கண்ணி, 8 வரிசை. கீழே சொல்லும் எல்லா எண்ணும் இதிலிருந்து வந்தவைதான். 26 கண்ணி வந்தால் 8ஆம் நம்பர் ஊசிக்கு மாறுங்கள். 22 வந்தால் 10ஆம் நம்பருக்கு. "ரெண்டு கண்ணிதானே" என்று விட்டுவிட்டால், முன்பட்டை இல்லாமல் 39 அங்குலம் வர வேண்டிய உடம்பு 26 கண்ணிக்காரருக்கு 36 அங்குலத்தில் நின்றுவிடும்.

பருத்திக்கு இன்னொரு சோதனை உண்டு. துவைத்த துண்டைத் துணிக் கிளிப் போட்டு ஓர் இரவு தொங்கவிட்டு, காலையில் உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள். பருத்தி இழுத்தால் நீளும், கம்பளியைப் போலத் திரும்ப வராது. ஐந்து அங்குலத் துண்டு கால் அங்குலம் நீண்டிருந்தால் 22 அங்குல கார்டிகன் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாகவே நீளும். அந்த அளவை உடம்பு நீளத்தில் முன்கூட்டியே குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நிறம், ஒற்றை வரிசை

இரண்டு நிறத்தில் ஒற்றை வரிசைக் கோடு போட்டால் நூல் எப்போதும் தப்பான ஓரத்தில் காத்திருக்கும், ஊசியின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளித் தள்ளிப் பின்ன வேண்டும். மூன்று நிறம் என்றால் அந்தத் தலைவலி இல்லை. முதல் வரிசை வெள்ளை, வலமிருந்து இடம் போய் நிற்கிறது. திரும்பும்போது ஊதா, இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் முடிகிறது. மூன்றாவது வரிசை பச்சை, வலத்தில் தொடங்கி இடத்தில் முடியும். இப்போது நாலாவது வரிசை இடப்பக்கமிருந்து தொடங்க வேண்டும். வெள்ளை அங்கேதான் காத்திருக்கிறது. அஞ்சாவதற்கு வலப்பக்கம் ஊதா தயார். இப்படியே கத்தரிக்கோலைத் தொடாமல் எத்தனை வரிசை வேண்டுமானாலும் போகலாம். கடைசியில் உள்ளே மறைக்க வேண்டிய நூல் நுனிகள் தொடக்கத்தில் மூன்று, முடிவில் மூன்று, அவ்வளவுதான்.

தூரத்திலிருந்து பார்த்தால் கோடே தெரியாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த மயில்கழுத்துப் பட்டு மாதிரி, அசையும்போது நிறம் மாறி மாறி வரும். கிட்டே வந்தால்தான் மூன்றும் தனித்தனி. நூலை மேலே எடுக்கும்போது ஓரத்தில் தளர்வாக விடுங்கள்; மூன்று வரிசை உயரத்தை அது தாண்ட வேண்டும். இழுத்துப் பிடித்தால் முன் ஓரம் சுருங்கி, பொத்தான் பட்டை கோணிக்கொள்ளும். மூன்று உருண்டையையும் மூன்று டப்பாவில் போட்டு வைத்தால் சிக்கு விழாது. இரண்டு வரிசைக்கு ஒருமுறை பின்னலை ஒரே திசையில் திருப்பாமல், ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படித் திருப்புங்கள்.

பின்ன ஆரம்பிக்கலாம்

36 அங்குல மார்புக்கு, சுடிதாருக்கு மேல் போடுகிற தளர்வோடு 40 அங்குலம் வரும் கணக்கு இது. கழுத்தில் தொடங்கி, தோளில் நாலு சாய்வுக் கோடு விழும் ராக்லான் முறை.

9ஆம் நம்பர் வட்ட ஊசியில் வெள்ளை நூலால் 62 கண்ணி போடுங்கள். தளர்வாகப் போடுங்கள், கழுத்து இறுகினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பின்பக்கம் ஒரு வரிசை பர்ல் பின்னிக்கொண்டே அடையாள வளையங்களை மாட்டுங்கள்: முன்பாகம் 2, வளையம், கை 8, வளையம், முதுகு 42, வளையம், கை 8, வளையம், முன்பாகம் 2. வளையத்துக்குக் கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கும். மிச்ச நூலில் சின்னதாகக் கட்டிக்கொண்டாலும் போதும்.

இங்கிருந்து அக்குள் வரை மேலே சொன்ன வெள்ளை, ஊதா, பச்சை ஒற்றைக் கோடுதான். இனி நேர்ப்பக்கத்து ஒவ்வொரு வரிசையிலும் நாலு வளையத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி கூட்ட வேண்டும். வளையத்துக்கு ஒரு கண்ணி முன்னால் நிறுத்தி ஒன்று கூட்டி, ஒரு நிட், வளையத்தைக் கடத்தி, ஒரு நிட், மறுபடி ஒன்று கூட்டுங்கள். கூட்டுவதற்கு, இரண்டு கண்ணிக்கு நடுவில் கிடக்கும் குறுக்கு இழையை இடது ஊசியால் முன்னாலிருந்து தூக்கி, பின்பக்கமாகக் குத்தி நிட் பின்னுங்கள். பின்பக்கமாகக் குத்தாவிட்டால் ஓட்டை விழும். சிலர் அந்த ஓட்டையே அழகு என்று விட்டுவிடுவார்கள், அதுவும் சரிதான். பின்பக்க வரிசை முழுக்கப் பர்ல்.

கழுத்து V மாதிரி இறங்க, முன் இரு ஓரத்திலும் தனியாக ஒவ்வொரு கண்ணி கூட வேண்டும். மூன்றாவது வரிசையில் ஆரம்பித்து, நாலு வரிசைக்கு ஒருமுறை, மொத்தம் 16 தடவை. ஓரக் கண்ணியை விட்டு அதற்கு அடுத்துக் கூட்டுங்கள். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒரு தாளில் வரிசை எண் எழுதி, முடிக்க முடிக்க அடித்துக்கொண்டு வருவது உத்தமம். டிவி பார்த்துக்கொண்டு பின்னுகிற பகுதி இது இல்லை.

70 வரிசை, அதாவது 35 முறை கூட்டி முடித்ததும் ஊசியில் 374 கண்ணி இருக்கும்: முன்பாகம் 53, கை 78, முதுகு 112, கை 78, முன்பாகம் 53. ஒன்றிரண்டு குறைந்தால் பதறாமல் முன்பாகத்தின் ஓரத்தில் கூட்டிச் சரிசெய்யலாம். வளையம் இருக்கும் இடத்தில் குறைந்திருந்தால் மட்டும் பிரித்துப் பாருங்கள், சாய்வுக் கோடு வளைந்து போயிருக்கும். இந்த நிலையில் தோளில் போட்டுப் பார்க்கலாம். மேலிருந்து கீழே பின்னுவதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

மார்பு 40 அங்குலம் உள்ளவர்களுக்கு: 70 கண்ணியில் தொடங்கி 2, 10, 46, 10, 2 என்று பிரித்து, 38 முறை கூட்டி (76 வரிசை), கழுத்து ஓரத்தில் 18 தடவை கூட்டுங்கள். அக்குளில் புதிதாகப் போட அடுத்துச் சொல்லும் 8 கண்ணிக்குப் பதில் 10. உடம்பில் 258 கண்ணி வரும், பொத்தான் போட்டால் 44 அங்குலம்.

உடம்பும் கையும்

அடுத்த நேர்ப்பக்க வரிசையில் 53 பின்னி, கையின் 78 கண்ணியையும் தையல் ஊசியால் ஒரு மிச்ச நூலில் கோத்து ஒதுக்கி, அந்த இடத்தில் புதிதாக 8 கண்ணி போட்டு, முதுகு 112 பின்னுங்கள். மறு கைக்கும் அதே. கடைசி 53. இப்போது உடம்பில் 234.

இங்கிருந்து இடுப்பு வரை கணக்கே இல்லை, கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். ஊதாவையும் பச்சையையும் வெட்டிவிட்டு, வெள்ளையில் எட்டு வரிசை, ஆரஞ்சில் இரண்டு வரிசை என்று 70 வரிசை போகிறேன். ஆரஞ்சு நூலை ஓரத்தோடு மேலே கொண்டுபோகலாம், ஆனால் எட்டு வரிசை தூரம் என்பதால் நடுவில் ஒருமுறை வெள்ளை நூலோடு முறுக்கிவிட வேண்டும். கடைசி 26 வரிசை மறுபடி மூன்று நிற ஒற்றைக் கோடு, இந்த முறை வெள்ளை, ஊதா, ஆரஞ்சு. மேலே பச்சையோடு சேர்ந்த ஊதா குளிர்ச்சியாகத் தெரியும், கீழே ஆரஞ்சோடு சேர்ந்தால் அதே ஊதா சூடாக மாறிவிடும். 96 வரிசை, 12 அங்குலம். நீளம் குறைக்க வேண்டியவர்கள் வெள்ளைப் பகுதியில் குறையுங்கள். பிறகு 10ஆம் நம்பர் ஊசிக்கு மாறி, ஒரு நிட், ஒரு பர்ல் என்று 14 வரிசை ரிப். ரிப்பை மூடும்போது நிட் மேல் நிட், பர்ல் மேல் பர்ல் பின்னியே மூடுங்கள்.

பருத்தி ரிப் இடுப்பைக் கவ்விப் பிடிக்காது, சும்மா தொங்கும். கவ்வ வேண்டும் என்று நினைக்கிறவர்கள் 11ஆம் நம்பர் ஊசி பிடியுங்கள். எனக்குத் தொங்குவதே பிடிக்கும்.

கைக்கு, ஒதுக்கிய 78 கண்ணியை நேர் ஊசியில் ஏற்றி, அக்குளில் போட்ட 8 கண்ணியின் அடியிலிருந்து இரு பக்கமும் நாலு நாலு எடுத்து, தையலுக்கென்று ஓரத்துக்கு ஒன்று கூட்டி 88 ஆக்குங்கள். உடம்பில் செய்த வெள்ளை, ஆரஞ்சு வரிசைதான் இங்கேயும். எட்டு வரிசைக்கு ஒருமுறை இரு ஓரத்திலும் ஒவ்வொன்று குறைத்து, ஒன்பது முறை முடிந்ததும் 70 நிற்கும். 76 வரிசையில் ஊசி மாற்றி 12 வரிசை ரிப். அக்குளிலிருந்து 11 அங்குலம் வரும், முழங்கைக்குக் கீழே நின்றுவிடும்; பாத்திரம் கழுவும்போது சுருட்டி விட வேண்டியதில்லை. அக்குள் மூலையில் சின்ன ஓட்டை விழுந்தே தீரும். நூல் நுனியை உள்ளே மறைக்கும்போது அதைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள்.

முன்பட்டை, பொத்தான், முதல் துவையல்

முன் ஓரத்தில் 10ஆம் நம்பர் ஊசியால் நாலு வரிசைக்கு மூன்று கண்ணி வீதம் எடுங்கள். அங்குலத்துக்கு 6 கண்ணி, 8 வரிசை என்ற கணக்கில் இது அப்படியே பொருந்தும், பட்டை சுருங்கவும் செய்யாது, அலை அடிக்கவும் செய்யாது. ஒவ்வொரு முன் ஓரத்திலும் 135, கழுத்தைச் சுற்றி 62. ரிப்புக்கு ஒற்றைப்படை வேண்டும், அதனால் கழுத்தின் நடுவில் ஒன்று விட்டு 331. எடுக்கும்போதே ஓரத்தில் ஏறிப்போன மூன்று நிற இழைகளும் உள்பக்கம் மறைந்துவிடும். எட்டு வரிசை ரிப், நாலாவது வரிசையில் வலது பட்டையில் பொத்தான் துளை: கீழிருந்து நாலு கண்ணி விட்டு இரண்டைச் சேர்த்துப் பின்னி, நூலை ஒரு சுற்று ஊசியில் போடுங்கள். அப்புறம் ஏறக்குறைய 20 கண்ணிக்கு ஒன்றாக, மொத்தம் ஐந்து. கடைசித் துளை V தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரும்.

பொத்தான் கொட்டாங்குச்சியில் செய்ததாக இருக்கட்டும். உலோகப் பொத்தான் ஐந்து தைத்தால் பட்டை இரண்டே வாரத்தில் முன்னுக்குத் தொங்கிவிடும், இவ்வளவு நேரம் எடையைக் குறைத்துக்கொண்டு வந்ததற்கு அர்த்தமில்லாமல் போகும்.

பருத்தி வழுக்கும் நூல், நுனியை இரண்டு குத்து குத்தி விட்டால் வெளியே வந்துவிடும். ஆறு அங்குலம் விட்டு, அதே நிறக் கோட்டின் பின்பக்கத்தில் போய்த் திரும்பி வாருங்கள்.

துவைப்பதற்கு முன் ஊதா நூல் துண்டு ஒன்றை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். இதை மாதிரித் துண்டு பின்னும்போதே செய்திருந்தால் இன்னும் நல்லது. சாயம் இறங்கினால், பின்னுவதற்கு முன்பே அந்த நூலைக் கழியாகச் சுற்றித் தண்ணீர் தெளியும் வரை அலசுவதுதான் வழி. கல்லுப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், வினிகர் என்பார்கள். கடையில் சாயமேற்றி வந்த பருத்தி நூலுக்கு இரண்டும் உதவாது.

கொஞ்சம் ஷாம்பு கரைத்த தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, பெரிய டவலில் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி மேலே ஏறி நில்லுங்கள். பாதித் தண்ணீர் டவலுக்குப் போய்விடும். பிறகு கட்டிலில் விரித்து, மார்பில் 40 அங்குலம் அளந்து, பட்டையைக் கையால் நேராகத் தட்டிவிட்டுக் காயவிடுங்கள். கொடியில் போடக் கூடாது. எங்கள் ஊர் மூட்டத்தில் இரண்டு நாள் ஆகும், சமவெளியில் மின்விசிறிக்குக் கீழே ஒரே இரவு. காய்ந்த பிறகும் ஹேங்கர் வேண்டாம்; மடித்துத்தான் வைக்க வேண்டும்.

வசந்தத்துக்குள் கைக்கு வர வேண்டுமென்றால் பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்துவிடுங்கள். தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார முடிந்தால் எங்கள் ஊர் சிம்ஸ் பூங்காவில் மே மாதம் நடக்கும் பழக் கண்காட்சிக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும்.